தோளிலிருந்து இடுப்பு வரை

ஜனவரி 9

அன்புள்ள பூனைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இருக்கிறபடி இருக்கிறோம். நின்று நின்று வீங்கிய உன் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். போன் மட்டும் செய்யாதே. பகலில் உன் ஓட்டலில் பேச விடமாட்டார்கள், சாயங்காலம் மாத்திரை போட்டதும் எனக்கு வாய் குழறும். போதாததற்கு உன் அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்" என்று உயிரை எடுப்பார்.

இதோடு கருநீல கவுன் ஒன்று அனுப்பியிருக்கிறேன். வரவேற்பு மேசையில் நிற்கிறவள் கசங்கிய துணியில் நின்றால் ஓட்டலுக்கே கசங்கிய முகம் வந்துவிடும். இப்போதெல்லாம் டேப் பிடிக்க விரல் மடங்குவதில்லை, பேனாவைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் எழுதுகிறேன். அதனால் துணியை என் மேலேயே போர்த்திக்கொள்கிறேன், தோளிலும் இடுப்பிலும் உன் அத்தான் குண்டூசி குத்துகிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஊசியையும் ஸ்டியரிங் மாதிரிதான் பிடிக்கிறார். வெட்டுவதும் மெஷினில் தள்ளுவதும் நான்தான், அதற்கு உள்ளங்கை போதும். நம் இரண்டு பேருக்கும் எப்போதும் ஒரே அளவு, கவலை இல்லை.

மூட்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷ வாத நோயும், அதற்கு விழுங்குகிற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து எலும்பைச் சன்னமாக்கியிருக்குமாம். "விழுந்துடாதீங்கம்மா, அதுதான் முக்கியம்" என்றார். அன்றைக்கே உன் அத்தான் வீட்டில் இருந்த மிதியடி எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிவிட்டார். குளியலறையில் பஸ்ஸில் இருக்கிற மாதிரி கம்பி மாட்டியிருக்கிறார். டிக்கெட் மட்டும்தான் கேட்கவில்லை.

கவுன் அளவு சரியாக இருக்கிறதா என்று உள்ளபடி எழுது.

உன் நலத்தையே நினைக்கும்,
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பார்சலும் ஒன்றாக வந்தன. கால் வீக்கம் இறங்கிவிட்டது, மத்தியானம் அரை மணி உட்கார விடுகிறார்கள். நீ மாத்திரையை வேளை தவறாமல் போடு. அத்தானுக்கு என் வணக்கம்.

கவுனைப் போட்டதும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு நூல்கூட மாறவில்லை அக்கா. மேலாளர் அம்மாளே "யார் தைச்சாங்க"ன்னு கேட்டார். இடுப்பில் ஓர் அகலமான பெல்ட் போட்டுக்கொள்கிறேன், இப்போது எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். விழாமல் நட. பெரிய கத்தரியைத் தூக்காதே.

உன் தங்கை

ஜனவரி 24

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் நண்பர் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன், அக்கா கண்ணில் படக்கூடாது. கவுனின் இடுப்புத் தையல் எனக்கு இரண்டு விரல் மேலே ஏறி நிற்கிறது. முதுகில் துணி மிச்சமாகிப் பை மாதிரி தொங்குகிறது, முன்பக்கம் குறைகிறது. பிரித்து நடுவில் ஒரு பட்டை வைத்துத் தைத்து, அது தெரியாமல் இருக்கத்தான் பெல்ட் போடுகிறேன்.

அக்காவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கைக்காரி "கை தப்புது உங்களுக்கு" என்று சொன்னதற்கு அவள் மெஷினை மூடிவிட்டு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது உங்களுக்கும் தெரியும். தையலும் போய்விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்கள் அன்புக்குரிய மைத்துனி

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆசீர்வாதம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் தாமதம். எழுதும்போதெல்லாம் உன் அக்கா "யாருக்கு" என்று எட்டிப் பார்க்கிறாள். தப்பு என்னுடையதுதான். ஊசியை நான்தான் மேலே குத்தியிருப்பேன். அடுத்த கவுனுக்கு அவளுக்குத் தெரியாமல் இரண்டு விரல் இறக்கிக் குத்திவிடுகிறேன், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

போன வாரம் வெட்டுமேசைக்கு அடியிலிருந்து துணி மூட்டையை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விழவில்லை. முதுகில் பிடித்துக்கொண்டது, வாயுப்பிடிப்பு என்கிறாள். வெந்நீர்ப் பை வைக்கிறேன். விழாதவரைக்கும் பயமில்லை.

அத்தான்

ஏப்ரல் 18

அன்புள்ள பூனைக்கு,

எப்படி இருக்கிறாய்? எனக்கு முதுகுப் பிடிப்பு விட்ட பாடில்லை, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்று டாக்டரம்மாவிடம் உன்னால் எனக்குப் பெருமை. முதுகுவலி என்றதும் எடுத்த எடுப்பில் "உயரம் குறைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டார். எலும்பு சன்னமானவர்களுக்கு முதுகெலும்பு விழாமலே உள்ளுக்குள் அமுங்கி உடையுமாம், ஆள் குள்ளமாவதுதான் அதற்கு அடையாளமாம். சுவரில் நிற்கவைத்து அளந்தார். ஆனால் பழைய ஃபைல் எங்கேயோ போய்விட்டது. "இப்போ எவ்ளோன்னு தெரியுது, முன்னாடி எவ்ளோன்னு தெரியலையே" என்று கையை விரித்தார்.

நான் சும்மா இருப்பேனா? "நான் தையல்காரிங்க. என் உடம்பை வெச்சுத்தான் தங்கச்சிக்குத் தைக்கிறேன். ஒரு நூல் மாறலைன்னு எழுதியிருக்கா, பாருங்க" என்று கைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் முழுசும் படித்துவிட்டுச் சிரித்தார். "இதைவிடச் சாட்சி வேணுமா"ன்னு சொல்லிச் சீட்டில் 'உயரம் குறையவில்லை' என்று எழுதினார். முதுகை ஸ்கேன் படம் எடுக்கப் பெரிய வரிசையாம், அவசரமானவர்களுக்குத்தான் முதலிடமாம். எனக்கு அவசரம் இல்லை, ஆகஸ்டில் பார்க்கலாம் என்றார். சதைப்பிடிப்புக்குத் தைலமும் குனிந்து நிமிர ஒரு பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனுஷனுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது.

சாம்பல் நிறத் துணியில் இன்னொரு கவுன் வெட்டியிருக்கிறேன், மே மாதம் வரும். அதைப் போட்டுக்கொண்டு முழு உயரத்துக்கு ஒரு போட்டோ அனுப்பு. பெல்ட் வேண்டாம்.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. ஓட்டலில் கூட்டம், இரண்டு பேர் லீவு. நான் நலம். சாம்பல் நிற கவுன் கிடைத்தது, அழகாக இருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது, நிற்கிற மாதிரி எடுக்க ஆள் கிடைக்கவில்லை.

முதுகு எப்படி இருக்கிறது? எதற்கும் அந்த முதுகுப் படத்தை முன்னாலேயே எடுத்துவிடேன். காசு வேண்டுமானால் அனுப்புகிறேன், வெளியே எடுத்துக்கொள். குனிகிற பயிற்சி வேண்டாம் அக்கா. ஏன் என்று கேட்காதே, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் தங்கை

ஜூன் 11

அத்தானுக்கு வணக்கம்.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். நீங்கள் இரண்டு விரல் இறக்கிக் குத்தியும் புதுக் கவுன் எனக்கு இன்னும் ஒரு விரல் மேலேதான் நிற்கிறது. உங்கள் ஊசியில் தப்பே இல்லை. அக்காதான் குறைந்துகொண்டு வருகிறாள். ஏப்ரல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கும் அங்கேயே புரிந்திருக்கும். டாக்டரம்மாவிடம் அப்போதே ஏன் சொல்லவில்லை?

அக்காவுக்கு மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். "நான் சொன்னது பொய்" என்கிற ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

மைத்துனி

ஜூன் 29

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

டாக்டரம்மா அந்தக் கடிதத்தைப் படித்தபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் அக்கா முகம் அப்படி மலர்ந்திருந்தது. கடிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்தாள் பார், அந்த நேரத்தில் "பொய்" என்று சொல்ல எந்த மனுஷனால் முடியும்?

இன்னொன்றும் உண்டு. ஒரு வருஷமாகவே சமையலறை மேல் அலமாரி அவளுக்கு எட்டவில்லை. ஸ்டூலில் ஏறினாள். ஏறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று, அவள் கடைக்குப் போன நேரத்தில் அலமாரியைக் கழற்றி நான்கு விரல் கீழே மாட்டினேன். அப்புறம் கண்ணாடி, அப்புறம் துணி மாட்டுகிற ஆணி. "இப்போ நல்லா எட்டுது, நீங்க மாத்திரையைச் சரியா வாங்கிட்டு வர்றதாலதான்" என்றாள். அவளை விழாமல் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் கையில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கு இருபது சட்டை. அது முடியட்டும். ஆகஸ்டில் டாக்டரைப் பார்க்கும்போது நானே சொல்லிவிடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அத்தான்

ஜூலை 17

பூனைக்கு,

நீ நலமா? நான் நலமா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சமையலறையில் மாவு டப்பாவை எடுக்கும்போது அலமாரிக்கு மேலே சுவரில் நான்கு ஓட்டைகள் பார்த்தேன். சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்திருக்கிறது. கண்ணாடிக்கு மேலேயும் இருந்தது. உன் அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சுவர் விரிசல்" என்றார். இந்த வீட்டில் மனுஷன் இதுவரை ஒரு விரிசலையும் அடைத்ததில்லை.

பழைய அளவு நோட்டை எடுத்தேன். என் கல்யாணத் துணிக்கு எடுத்த அளவு அதில் இருக்கிறது, தோளிலிருந்து இடுப்பு வரை பதினைந்தரை அங்குலம். பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு டேப் கொடுத்து அளக்கச் சொன்னேன். பதிமூன்றேகால். மறுபடி அளக்கச் சொன்னேன். பதிமூன்றேகால்தான்.

இருபது வருஷ நோட்டு, அன்றைக்கு யார் டேப் பிடித்தார்களோ, அது தப்பாக இருக்கலாம். நீ எழுதியது இந்த ஜனவரியில். அதனால் நோட்டை நம்புவதா உன்னை நம்புவதா என்று உட்கார்ந்திருக்கிறேன். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்குவாய், அதனால்தான் உனக்குப் பூனை என்று பெயர் வைத்தேன். இப்போது பதுங்காதே. ஜனவரி கவுன் சரியாக இருந்ததா? ஆமாம், இல்லை, அவ்வளவு எழுதினால் போதும். அதை எடுத்துக்கொண்டு நான் டாக்டரிடம் போக வேண்டும். இருமினால்கூட முதுகில் யாரோ கத்தியை வைத்துத் திருப்புகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஜூலை 25

என் அக்காவுக்கு,

நீ இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இல்லை அக்கா. சரியாக இல்லை. இரண்டு விரல் மேலே இருந்தது. பிரித்துப் பட்டை வைத்துத் தைத்து, மேலே பெல்ட் கட்டி உனக்கு அச்சில் வார்த்த மாதிரி என்று எழுதினேன். உன் கை தப்பவே இல்லை. உன் உடம்பில் இருந்த அளவை நீ நூல் பிசகாமல் வெட்டி அனுப்பியிருக்கிறாய், நான்தான் அதைப் படிக்கத் தெரியாமல் உன் விரலுக்காகப் பரிதாபப்பட்டேன்.

உன் கவுன்கள் எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு அளந்தேன். ஆறு வருஷத்துக்கு முன் தைத்த பச்சை, பதினைந்தரை. உன் நோட்டு தப்பில்லை. போன வருஷத்துப் பழுப்பு நிறம் பதினைந்து, அதையும் நான் இழுத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். ஜனவரி கவுன் பதினாலேகால். மே மாதத்தது பதினாலேமுக்கால், ஆனால் அதில் அத்தான் உனக்குத் தெரியாமல் ஒன்றேகால் அங்குலம் இறக்கிக் குத்தியிருக்கிறார். கழித்தால் பதிமூன்றரை. இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரம்மாவிடம் காட்டு. முதல் கடிதத்தை எழுதியவள் பொய் சொன்னாள் என்று சொல். இன்றைக்கே படம் எடுக்கச் சொல். எதையும் தூக்காதே, குனியாதே.

உன் மனசு உடையக்கூடாது என்று நினைத்தேன். அதற்காக உன் முதுகை உடையவிட்டேன். லீவு கேட்டிருக்கிறேன், தரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். என்னை ஏசி ஒரு வரி எழுது, போதும்.

உன் தங்கை

ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாமல் படி.

ஜூலை 28ஆம் தேதி காலையில் மெஷினிலிருந்து எழுந்தாள். விழவில்லை. நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையைக்கூட நீட்டியிருந்தேன். எழுந்து உடம்பைத் திருப்பும்போதே தொடை எலும்பு இடுப்புக்கிட்டே ஒடிந்துவிட்டது. ஒடிந்த பிறகுதான் என் கையில் சாய்ந்தாள். மிதியடியைச் சுருட்டினேன், கம்பி மாட்டினேன், எல்லாம் தண்டம். படம் எடுத்ததில் முதுகெலும்பில் நான்கு எலும்புகள் ஏற்கெனவே நசுங்கியிருக்கின்றன. ஜனவரியிலேயே தெரிந்திருந்தால் எலும்புக்கு மருந்து ஆரம்பித்திருக்கலாமாம். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உன் கடிதம் மறுநாள் வந்தது. "என்ன எழுதியிருக்கா, படிங்க" என்றாள். வலியில் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்து, "அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம்" என்று படித்தேன். அவள் கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ வந்தால் நீயும் அப்படியே சொல்லிவிடு. மூச்சு கொஞ்சம் சீரானதும் ஆபரேஷன் என்கிறார்கள்.

அத்தான்

ஆகஸ்ட் 4

தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இன்றைக்குக் கேட்கப் போவதில்லை. இது வார்டு நர்ஸின் கையெழுத்து. நான் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், மெருகேற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

உன் அத்தான் கடிதத்தைப் படித்தபோது அவர் கண் வரிகளில் ஓடவே இல்லை. ஒரே இடத்தில் நின்றது. இரண்டு பக்கக் கடிதத்தை ஒரு மூச்சில் படித்து முடித்துவிட்டார். அவர் டீ வாங்கப் போனதும் இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பாதியில் அவள் குரல் தாழ்ந்தது. "நிறுத்தாம படிம்மா" என்றேன். எல்லாம் கேட்டுவிட்டேன்.

கோபம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. இல்லை என்று எழுதச் சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்துவிடுவேன். தையல் தப்பு என்று நீ எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன், மெஷினை மூடியிருப்பேன், ஒரு வாரம் சாப்பிட்டிருக்கமாட்டேன். அதன் பிறகு டேப்பை எடுத்து என்னை அளந்திருப்பேன். முப்பது வருஷம் அடுத்தவர் உடம்பை அளந்தவள் நான். நோயாளி என்று முடிவு கட்டியதும் நான் அளக்கத் தெரிந்தவள் என்பதை நீங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு இந்தக் காலைவிட அதிகமாக வலிக்கிறது.

நேற்று எலும்பு டாக்டர் வந்தார். "பிழைப்பேனா, நடப்பேனா, நேரா சொல்லுங்க" என்றேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எலும்பு மெழுகு மாதிரி இருக்கிறது, திருகாணி பிடிக்குமா என்பது உள்ளே போனால்தான் தெரியும், நுரையீரலில் சளி கட்டியிருப்பதால் மயக்க மருந்தே ஆபத்து, ஆபரேஷன் செய்யாமல் விட்டால் படுக்கையிலேயே போய்விடுவேன் என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த வருஷத்தில் என்னை ஒரு முழு ஆளாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். கையெழுத்தை நானே போட்டேன், கோணலாக இருந்தாலும் என் கையெழுத்துதான்.

உன் அத்தானிடம் நான் கேட்டுவிட்டதைச் சொல்லவில்லை. அவர் வராந்தாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். நீ வந்து சொல். அந்த வேலை உன்னுடையது.

ஆபரேஷன் 7ஆம் தேதி காலை. அதற்குள் வர முடிந்தால் வா. வந்து என்னைப் பார்த்ததும் "நல்லா இருக்கே அக்கா" என்று சொல்லாதே. எப்படி இருக்கிறேனோ அப்படியே சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். 7ஆம் தேதிக்குப் பிறகுதான் வர முடியும் என்றாலும் வா.

உன் அக்கா